பட்டாம்பூச்சி ஊசி

ஊசிகளை நாங்கள் நிறத்தை வைத்துத்தான் சொல்வோம். பச்சை தடித்தது, கறுப்பு நடுத்தரம், நீலம் மெல்லியது. ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் இருபது ஆண்டுகளாக ரத்தம் எடுக்கிறேன். நரம்பைத் தடவியதுமே எந்த ஊசி என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கர்வத்தில்தான், கால்விரல் புண் ஒரு மாதமாக ஆறாமல் கிடந்த என் சின்னம்மாவை, அம்மாவின் தங்கையை, நானே கிளினிக்குக்கு இழுத்து வந்தேன்.

முதலில் சர்க்கரை பார்க்க விரல் நுனியில் லான்செட்டை, ஒரு சொட்டு ரத்தத்துக்காகக் குத்தும் சின்ன முள்ளை, வைத்து அழுத்தினேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிக் காய்த்துப்போன விரல். ஆழமாக இறங்கும் லான்செட்டை மாற்றியும் ஒரு சொட்டு வரவில்லை. சரி, கை நரம்பிலிருந்தே எடுத்து லேப்புக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். சின்னம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தைகளுக்கென்று வைத்திருந்த, இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சி போல இறக்கை வைத்த நீல ஊசியைத் தேடி எடுத்தேன்.

"பயப்படாதீங்க சின்னம்மா, சின்ன ஊசிதான் போடுறேன்" என்றேன்.

"போட்டாச்சா? வலிக்கவே இல்லலா. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு இடுப்பு வலிக்கும்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மடச்சி.

லேப் முடிவு வந்ததும் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் சின்னம்மாவைப் போனில் கூப்பிட்டு டாக்டரைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறாள். "சூடா சுச்சோக்" என்று சின்னம்மா பதில் சொல்லியிருக்கிறார். ஊசி போட்டாயிற்று என்று அர்த்தம். மலாயிலும் குத்தி எடுப்பதற்கும் குத்திப் போடுவதற்கும் அதே சொல்தான். வேறெங்கோ வைத்தியம் பார்த்துவிட்டார் என்று அவள் எழுதிக் கோப்பை மூடிவிட்டாள். முடிவு கேட்டாச்சா என்று நானும் போனில் கேட்டேன். "எல்லாம் ஆச்சு பாப்பா" என்றார். முடிவுத் தாள் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் கிடந்தது. ஒரு எட்டு எழுந்து பார்க்க எனக்கு நேரமில்லை. இதற்கு அந்தப் பெண்ணை ஏசி என்ன பயன்?

சர்க்கரை ஏறிப் புண் அழுகி, இரண்டு மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டில் அருகே நான் அழுதபோது சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாத பாப்பா. நீ போட்ட ஊசி நல்ல ஊசிதான். என் ஒடம்புக்குத்தான் ஒத்துக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதில் மருந்தே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பி, "எங்க அக்கா மவ, இவ ஊசி போட்டா வலிக்கவே வலிக்காது" என்று பெருமை பேச ஆரம்பித்துவிட்டார். அடுத்த மாதம் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார்.

இப்போது நாற்காலியில் உட்காரும் எல்லோரிடமும் சொல்கிறேன்: ரத்தம்தான் எடுக்கிறேன், இது மருந்து இல்லை, முடிவு கேட்க வாருங்கள். "தெரியும்லா அக்கா, சீக்கிரம் எடுங்க" என்று சலித்துக்கொள்கிறார்கள். தெரியாதவர் ஒருத்தர் இருந்தார். அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.