ஓட்டம் நின்றால்தான் ஒட்டும்

மாலை நாலு பத்துக்கு அக்கா போன் செய்தாள். "உன் அத்தான் நம்மள விட்டுட்டுப் போயிட்டாருடா." காலையில் வேலையிடத்தில் சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். போனை வைத்த பிறகும் அவர் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

அத்தான் இருபத்தாறு வருடம் குழாய் வேலை பார்த்தவர். சுவரில் காதை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பார். "மாப்ளே, நீ படிச்சவன். உன் வீட்டுக் குழாய் மட்டும் ஏன் இப்படி அழுவுது?" என்பார்.

நாலு மாதம் முன்பு அவர் மூளை ரத்தக்குழாயில் ஒரு வீக்கம் இருப்பது தெரிந்தது. குழாய்க்குள் மெல்லிய கம்பிவலை வைத்தார்கள். ரத்தம் நேராக ஓடிவிடும். வீக்கத்துக்குள் போவது குறையும். உள்ளே தேங்கியது உறைந்து மூடிக்கொள்ளும். டாக்டர் சொன்னதை நான்தான் அவருக்கு விளக்கினேன். மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கேன் படத்தில் ரத்தம் இன்னும் வீக்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வளைவுலயா இருக்கு?"

"ஆமா அத்தான். வளைவோட வெளிப்பக்கம்."

"அப்போ வேகமா வர்றது அங்கதான் மோதும். ஓட்டம் நின்னாத்தான் எதுவும் ஒட்டும் மாப்ளே. உறையணும்ங்கிறாங்க, உறையாம இருக்கவும் மாத்திரை குடுக்கறாங்க. என்ன கணக்கு இது?"

"நீங்களே ஒரு ஆஸ்பத்திரி திறந்துடுங்க."

"திறந்தா நீதான் கம்பவுண்டர்."

ஒரு தாளில் வளைந்த குழாயை வரைந்து, அம்புக்குறி போட்டு, கீழே அந்த மாத்திரைக் கேள்வியையும் எழுதினார். "அடுத்த தடவை டாக்டரைக் கேட்டுச் சொல்லு" என்று என்னிடம் தந்தார். விளையாட்டு என்று நினைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து நாலாம் நாள், அவருடைய கருவிப் பைக்குள் அக்கா மாத்திரை அட்டைகளைக் கண்டெடுத்தாள். பதினோரு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. அட்டைகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"வலைக்கம்பிமேல ரத்தம் உறையாம இருக்கத்தான் மாத்திரை. நிறுத்தினா அடைப்பு வரும். ஆனா இவருக்கு வந்தது அடைப்பு இல்லீங்க. வீக்கம் வெடிச்சிருக்கு."

"அப்போ மாத்திரையை நிறுத்தினது காரணம் இல்லையா?"

"இல்லன்னுதான் தோணுது. வலை வெச்சும் ஓட்டத்தோட வேகம் தணியல போல. சிலருக்கு அப்படி ஆகுது. ஏன்னு முழுசா சொல்ல முடியல."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வளைவைப் பற்றி அத்தான் சொன்னது சரி, மாத்திரைதான் உறையவிடாமல் தடுக்கிறது என்று நினைத்து நிறுத்தியது தவறு. அந்தத் தவறு அவரைக் கொல்லவில்லை என்றால், அவர் கேள்வியை நான் டாக்டரிடம் கேட்காமல் விட்டதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அக்கா கேட்டால் என்ன சொல்வது? யோசிக்க யோசிக்கத் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அந்தத் தாள் என் பையில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது, நாலாக மடித்தபடி. கேள்விக்குக் கீழே, பதில் எழுத அவர் விட்ட இரண்டு வரி இடம் காலியாக இருக்கிறது.