ஓடில் எர்த் கம்போடு ஓடிய நாள்

பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஓடில் புருனாஸுக்குப் பதினேழு வருடமாக ஒரே வேலை. பீங்கான் துண்டைக் கடுங்குளிரான திரவ நைட்ரஜனில் முக்கி, கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதன் வழியே ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அந்தக் குளிரில் இந்தத் தனி வகைப் பீங்கான் தடையே இல்லாமல் மின்சாரத்தைப் போகவிடும். எதுவரை தாங்குகிறது என்பதுதான் சோதனை. அவ்வளவு மின்சாரத்தையும் சேர்த்து வைத்திருப்பவை கம்பிக்கூண்டுக்குள் அடுக்கிய மின்தேக்கிகள். அவற்றைக் கண்டால் இன்றும் அவளுக்குப் பயம்.

பாய்ச்சி முடித்தால் அவை காலி. ஓடில் நம்பமாட்டாள். முதல் ஆளாகக் கூண்டுக்குள் போய், மிச்ச மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுவாள்.

"காலிப் பானையைத் தட்டிப் பாக்க ஒரு சம்பளம்!" என்பான் ஆராய்ச்சியாளன் ரெஜிஸ்.

"ஆமா, நான் பயந்தாங்கொள்ளிதான். போய் உன் வேலையைப் பாரு."

அந்த வியாழக்கிழமை அவள் பொத்தானை அழுத்தியபோது வழக்கமான 'டம்' கேட்கவில்லை. கண்ணாடி விரிசல் விடுவதுபோல ஒரு சின்னச் சத்தம். பீங்கான் உடைந்துவிட்டது. திரையில் கோடு பாதியிலேயே அறுந்திருந்தது.

வழி அறுந்தால் மிச்ச மின்சாரம் எங்கே போகும்? மின்தேக்கியிலேயேதான் நிற்கும். கூண்டுக் கதவைத் திறந்தால் புதிதாக மின்சாரம் ஏறாது, அவ்வளவுதான்; ஏற்கனவே ஏறியது இறங்காது. பதறி நிமிர்ந்தாள்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ரெஜிஸ் கூண்டுக்குள் போயிருந்தான். உடைந்த துண்டை எடுக்க, அதைப் பிடித்திருந்த செம்புப் பிடியை நோக்கிக் கை நீட்டியிருந்தான்.

கத்தினால் திடுக்கிட்டுத் தொட்டுவிடுவான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெஜிஸ்... கையைப் பாக்கெட்ல போடு."

"என்னது?"

"கேள்வி கேக்காத. போடு. அப்படியே பின்னால வா."

அவள் குரலைக் கேட்டு அவன் முகம் வெளுத்தது. வந்தான். கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே நுழைந்து மின்தேக்கியைத் தொட்டாள். டமார்! நீல வெளிச்சம். கம்பின் நுனி உருகியிருந்தது.

ரெஜிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீ எர்த் பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

"நான் பண்ணினதைப் பாத்தியா?"

"எதுக்குப் பாக்கணும்? நீதான் எப்பவும் பண்ணிடுவியே."

வெடித்த சத்தத்தைவிட அந்தப் பதில்தான் அவளைப் பயமுறுத்தியது.

"போன ஆகஸ்ட்ல மூணு வாரம் நான் லீவு," என்றாள். "அப்பவும் சோதனை நடந்துச்சே, யாரு எர்த் பண்ணினது?"

ரெஜிஸ் யோசித்தான். "யாரும் பண்ணல," என்றான், கம்பின் உருகிய நுனியைப் பார்த்தபடி.