தம்பிக்கு வைத்த இரும்பு

எனக்கு ஒன்பது வயதில் ஒரு காந்தம் இருந்தது. ஆளுங்கட்சிக் கூட்டத்தில் பேச்சின் வேகம் தாங்காமல் கிழிந்துபோன ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. மைக்செட்காரர் வேண்டாமென்று வாய்க்காலோரம் போட்டுவிட்டுப் போயிருந்தார். கறுப்பாக, நடுவில் ஓட்டையோடு, வடை மாதிரி இருக்கும்.

பூமியின் வயிறு முழுக்க இரும்பு, வானத்திலிருந்து விழுகிற கல்லிலும் இரும்பு, நம் ரத்தத்திலும் இரும்பு என்று வாத்தியார் வகுப்பில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாய்க்கால் மணலில் இழுத்தால் காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைக்கும். கலப்பைக் கொழு, மண்வெட்டி, மாட்டு லாடம் எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்த்துவிட்டேன். ரத்தம்தான் பாக்கி. முழங்கைச் சிராய்ப்பில் வைத்தேன். எரிந்ததே தவிர ஒட்டவில்லை.

அந்தத் தை மாதம் ஊரும் என்னைப் போலத்தான் இருப்புக் கொள்ளாமல் இருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று எங்கள் தெருவில் யாரும் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கப் போவதாகப் பேச்சு. கதிர் முற்றி மணி உதிர்ந்துகொண்டிருந்தது. வரும் ஆட்களை வெட்டத் திட்டம் என்று யாரோ எழுதிக் கொடுக்க, போலீஸ் வீடு வீடாக அரிவாள் தேடியது. அரிவாள் அகப்பட்ட வீட்டு ஆண்பிள்ளை மேல் வழக்கு. கதிர் அறுக்கிற தெருவில் அரிவாள் இல்லாத வீடு ஏது? ஆண்கள் பகலில் வீடு தங்குவதில்லை. அப்பாவும் எங்கோ மூங்கில் கொல்லையில் கிடந்தார்.

அம்மாவுக்குத் தம்பி பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. காற்றுக்கருப்பு அண்டாமலிருக்கப் பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் ஓர் இரும்பு வைப்பார்கள். எங்கள் வீட்டில் வைத்ததும் ஓர் அரிவாள். அதைப் பார்த்துத்தான் அப்பாவின் அக்காவுக்கு, அதாவது அத்தைக்கு, அந்த யோசனை வந்திருக்க வேண்டும். போலீஸ் வண்டி மதகடிக்கு வந்துவிட்டது என்றதும், தெருவிலிருந்த அரிவாள்களை முந்தானையில் அள்ளி வந்து, அம்மா படுத்திருந்த பாய்க்கடியில் வைக்கோலுக்குள் வரிசையாகச் செருகினாள். பதினொன்று. ஒவ்வொரு பிடியிலும் அவரவர் சுட்டு வைத்த அடையாளம் இருந்தது.

"பொரளாத. பச்ச ஒடம்புக்காரிய எந்தப் போலீசும் எந்திரின்னு சொல்லமாட்டான்."

"குத்துது அண்ணி."

"குத்தட்டும். ஒம் புருசன் ஜெயிலுக்குப் போறதுக்கு இது தேவல."

என்னை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். மூடிக்கொண்டுதான் இருந்தேன். கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

நரைத்த மீசையோடு ஒரு போலீஸ்காரர் குனிந்து உள்ளே வந்தார்.

"தீட்டு வூடுங்கய்யா" என்றாள் அத்தை.

"தெரியுதும்மா." தலைமாட்டு அரிவாளைப் பார்த்தார். "அது இருக்கட்டும். எம் பொண்டாட்டிக்கும் எங்க ஆத்தா வச்சுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னா பாப்பா கையில, வடையா?"

எனக்கு அப்போதும் புது மனிதர்களிடம் பேச வராது. பேசுவதற்குப் பதிலாகச் செய்து காட்டலாம் என்று தோன்றியது. பிரசவத்தில் அம்மாவுக்கு நிறைய ரத்தம் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். மீதி இருக்கிறதா என்று பார்க்கவும் ஆசை. அம்மாவின் மணிக்கட்டுக்குக் காந்தத்தைக் கொண்டுபோனேன். அது பாதி வழியிலேயே கையை விட்டு நழுவி, பாயில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

போலீஸ்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காந்தத்தைப் பிய்த்து ஒரு சாண் தள்ளி வைத்தார். டக். இன்னொரு சாண். டக். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அத்தையின் கை வாய்க்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"யோவ், உள்ள என்னய்யா இவ்வளவு நேரம்?" தெருவிலிருந்து அதிகாரியின் குரல்.

"ஒண்ணுமில்ல சார், புள்ள பெத்த வூடு" என்று கத்திவிட்டு, அத்தையிடம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பயலுக்கு இவ்வளவு இரும்பா? ஊருப் பேயெல்லாம் இங்கதான் வருதோ?"

எழுந்தவர் காந்தத்தைத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அதிகாரியே வந்துவிட்டார். லத்தியால் கூரையைக் குத்தினார், பானைகளைத் தட்டினார், அம்மாவைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு வெளியேறினார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. என் கண் அந்தப் புடைத்த பையின் மேலேயே இருந்தது. "என் காந்..." என்று ஆரம்பித்தபோது அத்தை என் வாயைப் பொத்தினாள். மூச்சு முட்டியது.

நாலைந்து நாளில் பேச்சுவார்த்தை முடிந்து கூலி கொஞ்சம் கூடியது. பதினோரு அரிவாளும் வயலுக்குப் போயின. அப்பா வீட்டுக்கு வந்து தம்பியை முதல் தடவையாகத் தூக்கினார். வீடே சிரித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் வெறுங்கையோடு வாய்க்கால் கரையில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த மீசைக்காரப் போலீஸ் ஒரு திருடன், என் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று பள்ளிக்கூடத்திலும் குளத்தடியிலும் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். வெட்கத்தை விட்டு நான் ஊரோடு பேசிய விஷயம் அது ஒன்றுதான்.

அத்தை என்னை அடிக்கவே வந்துவிட்டாள். அப்பாதான் தடுத்தார்.

"வுடுக்கா. திருடன்னே சொல்லட்டும்" என்றார். பிறகு என் தலையைத் தடவி, "எவன் கேட்டாலும் அப்படியே சொல்லு தாயி. அதான் அவருக்கு நல்லது" என்றார்.

இந்த வீட்டில் அப்பா ஒருவராவது என் பக்கம் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.