சிங்க ராசிக்கு நீலக்கல்

பதின்மூன்று வருடம் காத்திருந்து மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அதுவரை நாளுக்கு இரண்டு தரம் "ஏதும் அறிவிச்சவங்களோ?" என்று கேட்டவள், அறிவித்த பிறகு "ஓம், பாத்தனான்" என்றதோடு சரி. விமான ரிக்கற் போட்டாகிவிட்டது. மெல்பனில், கிரெய்கிபர்ன் பக்கம் இரண்டு அறை வீடு எடுத்து, கட்டில் வாங்கி, மகளுக்குப் படிக்க மேசையும் வாங்கிப் போட்டேன். படம் அனுப்பினால் பதிலுக்கு ஒரு பெருவிரல் மட்டும் வரும். வரவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை அவளாகவே போன் எடுத்தாள். சாத்திரியார் நீலக்கல் மோதிரம் செய்யச் சொல்லியிருக்கிறாராம். நல்ல சிலோன் கல்லாக இருக்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் யாரை நம்பி வாங்குவது, மெல்பனில் என்றால் சேர்டிபிக்கற்றோடு தருவார்கள் என்றாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நீலம் சனிக்குரிய கல். விசாவே வந்துவிட்டது, இனிச் சனியன் என்ன செய்யப்போகிறான்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் எங்கள் சாத்திரிமாரை வெல்ல ஆளில்லை. ஆனாலும் எத்தனையோ கிழமைக்குப் பிறகு அவள் வாய் திறந்து கேட்ட பொருள் அது. "நாளைக்கே போறன்" என்றேன்.

சனிக்கிழமை காலை பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் ரயிலால் இறங்கி ஸ்வான்ஸ்டன் ஸ்ட்ரீட் வழியே நடந்தேன். நான் டைல்ஸ் பதிக்கிறவன். எந்தக் கட்டிடத்துக்குள் போனாலும் கண் முதலில் தரைக்குத்தான் போகும். கொலின்ஸ் ஸ்ட்ரீட் பக்கம் இருந்த பழைய ஆர்கேட் ஒன்றின் தரை முழுக்கச் சின்னச் சின்னக் கல் பதித்த வேலை. நூறு வருடத்துக்கு மேல் இருக்கும், ஒரு கல்கூட எழும்பவில்லை. வேறொரு நாளாக இருந்தால் குந்தியிருந்து தடவிப் பார்த்திருப்பேன். அன்று நிற்க முடியவில்லை. "கல்லுப் பாக்க வந்திட்டன்" என்று மனைவிக்கு அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை.

முதல் கடையில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை நீலக்கல் என்றதும் கையுறை போட்டுக்கொண்டு ஒரு மோதிரத்தை எடுத்தாள். "சிலோன்" என்றாள், கோயிலில் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சிலோன் கல்லுக்கு வெல்வெற் தட்டு. படகில் வந்த சிலோன் ஆளுக்கு முதலில் முள்ளுக்கம்பி முகாம், பிறகு ஆறு மாதத்துக்கொரு தரம் 'பரிசீலனையில்' என்று ஒரு கடிதம். நானும் அங்கேதான் பிறந்தேன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

தெருவில் இருக்கும் கடைகள் மோதிரம் விற்கிற கடைகள். தனிக் கல் வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும் என்று அந்தப் பிள்ளைதான் சொன்னாள். அதுவரை அந்தக் கட்டிடங்களை எத்தனை தரம் கடந்திருப்பேன், மேலே ஒரு ஊரே இருப்பது தெரியாது. லிப்ட் பக்கத்துப் பலகையில் பெயர்கள் நெருக்கமாக இருந்தன. கல் விற்பவர், முத்துக் கோர்ப்பவர், கல் பதிப்பவர், மெருகு போடுபவர், நடுவில் ஒரு பல் வைத்தியர். மணி அடித்தால் கமெராவில் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பார்கள். உள்ளே போனால் இன்னொரு கதவு. முதல் கதவு பூட்டினால்தான் இரண்டாவது திறக்கும். அந்த இடுக்கில் நிற்கிற அரை நிமிடம் எனக்கு மூச்சு முட்டும். முகாமிலும் கதவுகள் அப்படித்தான் இருந்தன.

ஓப்பல் விற்கும் வெள்ளைக்கார மனிதர் ஒருவர் குயின்ஸ்லாந்து நீலக்கல்லைக் காட்டினார். மைப்போத்தல் நிறம். இந்த நாட்டுக் கல், இதில் என்ன குறை என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை, மனைவி சிலோன் கேட்கிறாள் என்றேன். அடுத்த மாடியில் ஒரு பட்டறை. அங்கே வேலை செய்கிறவர்களின் காலடியில் மரச்சட்டம் அடித்திருந்தார்கள். அராவும்போது விழுகிற பொன் தூள் அதற்குள் போய்த் தங்குமாம், கழற்றிக் கூட்டியெடுத்து உருக்குவார்களாம். ஒரு சீனப் பெண் பத்துக் கல்லை வரிசையாக வைத்து எது பிடிக்கிறது என்றாள். எனக்குப் பத்தும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கதிரையில் இருக்கச் சொன்னாலும் இருக்க முடியவில்லை. இறங்கி, றோட்டைக் கடந்து, இன்னொரு லிப்டில் ஏறி, மறுபடி இறங்கி, லிட்டில் கொலின்ஸ் ஸ்ட்ரீட்டின் ஒரே முனையை மூன்று தரம் சுற்றிவிட்டேன். குட்டி போட்ட பூனை என்பார்களே, அதேதான். போனை எடுத்துப் பார்ப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் முத்துக் கோர்க்கும் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாலாம் மாடியில் உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று அனுப்பினாள். கல் வியாபாரத்துக்குப் பெயர்போன பேருவளையைச் சேர்ந்த முஸ்லிம், என் வயதுதான் இருக்கும். நான் இங்கிலீசில் தொடங்க, அவர் தமிழில் "வாங்க, இரிங்க" என்றார். அன்றைக்கு முதல்முறையாகக் கதிரையில் இருந்தேன்.

அவர் மேசை தெற்கு யன்னலோடு ஒட்டிக் கிடந்தது. ஊரில் வாப்பா வடக்கு யன்னலடியில் கல் பார்ப்பார், இங்கே சூரியன் வடக்கால் போவதால் மேசையைத் திருப்பிப் போட வேண்டி வந்தது என்றார். வெயில் நேரே விழுந்தால் கல் பொய் சொல்லுமாம். மடித்த தாள் பொட்டலத்தைப் பிரித்து, குறட்டால் ஒரு கல்லை எடுத்து என் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்தார். அதைப் பார்த்ததும் இதுதான் என்று எனக்கே தெரிந்தது.

"இது சூடு காட்டாத கல்லு, நெறம் கூட்ட நெருப்புல போடல்ல. உங்கட ஆக்கள் மூணு ராவு தலவாணிக்குக் கீழ வச்சுப் பாப்பாங்க. கெட்ட கனவு கண்டாத் திருப்பிக் கொண்டாருவாங்க, நானும் வாங்கிப் போடுவேன். வெள்ளக்காரனுக்கு இத விளங்கப்படுத்தேலாது" என்றார். பிறகு, "உங்களுக்கா? என்ன ராசி?" என்று கேட்டார்.

"சிங்கம். மக நட்சத்திரம், நானா" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் குறட்டைக் கீழே வைத்தார். "எனக்கு இதுல நம்பிக்க இல்ல. ஆனா எத்தனையோ வருசமா உங்கட ஆக்களுக்குக் கல்லுக் குடுக்கிறேன். சிங்க ராசிக்கு நீலம் சொன்னத நான் கேட்டதே இல்ல. ஊட்டுல ஒருக்காக் கேளுங்க."

கல் யாருக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீடுகளில் சாத்திரம் கேட்டால் அது வீட்டுக்காரனுக்குத்தான், அவனுடைய வேலைக்கு, அவனுடைய பயணத்துக்கு. கேட்காமலே எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். வீடியோவில் அவளுக்குப் போன் எடுத்தேன். மகள் எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். கல்லை மேசையில் விட்டுவிட்டு வெளியே போக முடியாத தொழில் என்பதால் நானா கதிரையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இஞ்சாரும், இந்தக் கல்லு ஆருக்கு?"

"எனக்கு" என்றாள்.

"உமக்கோ? நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஏனெண்டு கேப்பியள்."

"இப்பக் கேக்கிறன். ஏன்?"

"விசா வந்தாப் பிறகுதான் சாத்திரியாரிட்டப் போனனான். அங்க வந்து உங்களோட என்னால இருக்கேலுமோ எண்டு கேக்கப் போனனான். எனக்குப் பயமாக் கிடக்கு. நானும் பிள்ளையும் தனிய இருந்து பழகிட்டம். நீங்கள் காலமை என்ன சாப்பிடுவியள் எண்டுகூட எனக்குத் தெரியாது."

நான் பயந்தது சரிதான். ஆனால் அது எனக்கு மட்டும் உரிய பயம் என்று நினைத்திருந்தேனே, அதுதான் பிழை. "எனக்கும் பயம்தானப்பா. உமக்குப் பயம் எண்டு தெரியாமத்தான் விடிய தொடக்கம் இந்த றோட்டெல்லாம் அலையிறன்" என்றேன். சொன்னதும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

நானா திரும்பாமலே, "விரல் அளவு கேட்டு வைங்க" என்றார். எனக்குத் தெரியாது. அவள் விரலுக்குச் செய்த ஒரே மோதிரம் நான் வந்த படகுக்காக விற்றுப் போனது. மகள் தையல் நூல் கொண்டு வந்து தாயின் விரலில் சுற்றி, அடிமட்டத்தில் வைத்துக் காட்டினாள். இத்தனை வருடமாக நாங்கள் பார்த்துக்கொண்டது முகத்தை மட்டும்தான். கை இப்போதுதான் தெரிந்தது. மூட்டு தடித்திருந்தது. புறங்கையில் நீளமாக ஒரு சுட்ட தழும்பு. அது எப்போது வந்தது, யார் மருந்து போட்டது, எனக்கு ஒன்றும் தெரியாது.

"உங்கட கையைக் காட்டுங்கோ" என்றாள்.

சீமெந்து தின்ற கை. ஒரு விரலில் நகமே இல்லை. தயங்கித் தயங்கிப் பிடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"இண்டைக்கு வாங்காதேங்கோ. எடுத்து வைக்கச் சொல்லுங்கோ. நான் வந்து மூண்டு நாள் வச்சுப் பாக்கிறன். அந்தக் கடைக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகோணும், எனக்கு அங்க தனிய வழி தெரியாது."

"ஓம், கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.