நெல் ஊறிய தண்ணீர்

எங்கள் வாய்க்காலின் தலைப்பில் ஒரு ரைஸ் மில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. நீடாமங்கலம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் அதன் வாடை வரும். அப்புறம்தான் ஊர் வரும்.

நெல்லைத் தண்ணீரில் போட்டு மறந்துவிட்டால் புளித்துப்போய் ஒரு நாற்றம் அடிக்குமே, அதுதான். மில்லில் பெரிய பெரிய தொட்டிகள். அதில் நெல்லைக் கொட்டி வெந்நீர் விட்டு ஊறப்போடுவார்கள். ஊறினதை ஆவியில் அவித்து, காயவைத்து, அரைத்தால் புழுங்கலரிசி. மிஞ்சின தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அது பின்பக்கச் சுவரில் இருந்த குழாய் வழியாக எங்கள் வாய்க்காலில் விழும். விழும்போது டீ நிறம். தேங்கிக் கிடந்து எங்கள் பக்கம் வரும்போது கறுப்பு. ஆற்றில் தண்ணீர் ஓடினால் எல்லாம் கலந்து போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. ஆறு காய்ந்தால் அது மட்டும்தான் கிடக்கும்.

நாங்கள் அந்த வாடையிலேயே பிறந்த பிள்ளைகள். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தினால் எதற்கு என்று கேட்போம்.

மாமா அந்த மில்லில் வேலை பார்த்தார். அம்மாவின் தம்பி. பாய்லருக்கு உமி அள்ளிப் போடுவது அவர் வேலை. சட்டையெல்லாம் சாம்பலாக வருவார். அம்மா முதுகைத் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். நிரந்தர வேலை இல்லை. வா என்றால் போக வேண்டும், வேண்டாம் என்றால் வீட்டில் இருக்க வேண்டும். அத்தை அப்போது முழுகாமல் இருந்தாள்.

அப்பாவுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. குத்தகை நிலம். ஒரு போகம் தவறினால் நிலத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். நாற்று விரல் உயரம் வந்த சமயத்தில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோயிற்று. முறை வைத்து விடுகிறார்கள் என்றார்கள். எங்கள் முறை வரவே இல்லை. நாற்றங்கால் வெடித்தது. அம்மாவும் நானும் அடிபம்பில் அடித்துக் கொடுத்தோம், அப்பா குடம் குடமாகத் தூக்கிப் போய் ஊற்றினார். ஊற்றிய இடம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் மாமா வந்தார்.

"நாத்தப் பாத்துட்டுத்தான் மச்சான் வரேன். துவச்சுக் காயப்போட்ட துணி மாதிரி கெடக்கு."

"கிண்டலா மாப்ள?"

"கிண்டல் இல்ல. மில்லுக்குப் பின்னால தண்ணி போக எடம் இல்லாம தளும்பி நிக்குது. நீங்க இங்க கொடம் தூக்குறீங்க."

அந்தத் தண்ணியா என்று அப்பா கேட்டார்.

"நெல்லு ஊறுன தண்ணி மச்சான். நீங்க போட்ட நெல்லுதான். வடிகஞ்சிய மாட்டுக்கு வைக்கிறோம், அரிசி களைஞ்ச தண்ணிய வைக்கிறோம். மாடு குடிச்சிட்டுக் கொழுகொழுன்னு நிக்குது. நாத்து மட்டும் வேணாம்னா சொல்லப்போவுது?"

எங்கள் பக்கத்தில் அரிசி பட்ட தண்ணீரை யாரும் கீழே கொட்ட மாட்டார்கள். மாடு இருந்தால் தொட்டிக்குப் போகும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டு மாட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். முருங்கைக்கு ஊற்றுவார்கள். நெல் ஊறிய தண்ணீர் கெடுதல் செய்யும் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்ற வழியே இல்லை. நெல் விளையாத ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். வீட்டில் ஊறுவது ஒரு சட்டி, அங்கே ஊறுவது லாரி லாரியாக என்று யாரும் யோசிக்கவில்லை.

அம்மா மட்டும் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த வழியில் யோசித்தாள். ஒரு வாளியில் அந்தத் தண்ணீரை மொண்டு வந்து மாட்டின் முன்னால் வைத்தாள். மாடு மூக்கைக் கொண்டுபோனது. பிறகு தலையைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"மாடே மொகத்தத் திருப்புதுங்க" என்றாள்.

மூன்று வேளையும் கஞ்சி குடிக்கிற கொழுப்பு என்று அப்பா சொன்னார். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா இனிமேல் மாட்டைக் கேட்டுத்தான் விதைப்பாள் என்றார். அம்மாவும் சிரித்துவிட்டாள். தம்பி சொன்னால் அவள் எதற்கும் சிரிப்பாள்.

அன்றைக்கு மத்தியானமே இரண்டு பேரும் மண்வெட்டியோடு போனார்கள். வாய்க்காலில் மண்ணைப் போட்டு அணைத்து, கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். நுரைத்துக்கொண்டு வந்தது. தண்ணீருக்கு முன்னால் நான் வரப்பில் ஓடினேன். புதுத் தண்ணீர் பாயும்போது நாங்கள் எப்போதும் அப்படித்தான் ஓடுவோம். வெடிப்பெல்லாம் நிரம்பியது. நண்டுகள் வளையை விட்டு மேலே வந்து வரப்பில் ஏறின. விரட்டினாலும் உள்ளே போகவில்லை. நான் பாட்டுக்குப் பிடித்துப் பாவாடையில் போட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நண்டு இவ்வளவு சுலபமாக எனக்கு அதற்கு முன்னால் அகப்பட்டதில்லை.

நாற்று எழுந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். சில நாளில் கரும்பச்சையாக, ஊரில் யாருக்கும் இல்லாத பச்சையாக நின்றது. போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வயலில் தனியாகச் சாகுபடி செய்துகொண்டிருந்த ஒரு அம்மா இருந்தாள். புருஷன் இல்லை. உறவு கிடையாது, பெரியம்மா என்று கூப்பிடுவோம். அவள் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்ன மருந்து போட்டாய், எங்களுக்கெல்லாம் சொன்னால் ஆகாதா என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா சொன்னார். அவளும் மடையைத் திறந்தாள். அவளுக்குக் கீழே இருந்தவர்களும் திறந்தார்கள். மாமா அந்த நாட்களில் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். டீக்கடையில் அவரை யாரும் காசு கொடுக்க விடவில்லை.

பிறகு ஒரு காலையில் நுனி மஞ்சளாக இருந்தது. காற்றுக்கு ஆடவில்லை. அடுத்து அடிப்பக்கம் கொழகொழத்துச் சாய்ந்தது. அப்பா நாற்றங்காலில் இறங்கி ஒரு பிடி பிடுங்கினார். பிடுங்க வேண்டியதே இல்லை, கையோடு வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் தார் மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வாடை எனக்கே வந்தது.

பெரியம்மா அவள் வரப்பில் நின்றாள். அவள் நாற்றும் சாய்ந்துகிடந்தது. மற்றவர்களும் வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அவள்தான் பேசினாள்.

"மச்சானும் மாப்ளயும் சேந்து ஊருக்கே நல்லாக் கஞ்சி காச்சி ஊத்துனீங்கப்பா."

அப்பா வேர் கழுவுகிற மாதிரி கையை அந்தத் தண்ணீரிலேயே நனைத்தார். பிறகு எதில் கழுவுகிறோம் என்று தெரிந்து கையை எடுத்துவிட்டார்.

அந்த வாரமே எங்கள் முறைத் தண்ணீர் வந்தது. ஆற்றுத் தண்ணீர், செம்மண் நிறத்தில், வாய்க்கால் நிறைய வந்தது. பாய்ச்ச நாற்று இல்லை. அது எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். சொன்னது உன் மச்சினன், அவன் இருப்பது மில்லில், அதனால் நீயே போய்க் கேள் என்றார்கள். மில்லுக்காரர் நாற்றாவது வாங்கிக் கொடுக்கட்டும், அந்தக் குழாயை அடைக்கட்டும் என்றார்கள். நியாயமாகத்தான் கேட்டார்கள்.

அப்பா அழுகின நாற்றில் ஒரு பிடியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். நான் கூட இருந்தால் அவருக்குக் கோபம் வராது என்று நினைத்திருப்பாள். வாசல் வரைக்கும் வந்தாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றாள்.

மில் ஆபீசில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மேலே மாதா படம் இல்லை, வேறு சாமிப் படங்கள், ஊதுபத்தி. அங்கே வாடையே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். முதலாளி வெள்ளைச் சட்டை போட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். அப்பா துண்டை விரித்துக் காட்டினார். தண்ணீர் பாய்ச்சினது, பச்சை கட்டினது, அழுகினது எல்லாம் சொன்னார். இன்னும் சில பேர் வயலும் போய்விட்டது என்றார். முதலாளி எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு ஆளை அனுப்பி மாமாவை வரச் சொன்னார்.

மாமா வந்து கதவோரமாக நின்றார். சாம்பலோடு இருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"நம்ம தண்ணிய வயலுக்கு எடுக்கச் சொல்லி யாரு சொன்னா? நீயா சொன்ன?" என்று முதலாளி மாமாவைக் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்பது போல.

மாமா வாயைத் திறக்கவில்லை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமாவின் காலைப் பார்த்தார். செருப்பு இல்லாத கால், சாம்பல் அப்பின கால். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"இல்லிங்க. அவன் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் வெட்டி விட்டேன்."

"யாரும் சொல்லல?"

"யாரும் சொல்லலிங்க. நானாத்தான்."

மறைக்கல்வி வகுப்பில் அப்போதுதான் பத்துக் கட்டளை மனப்பாடம் செய்திருந்தேன். அப்பா பொய் சொல்கிறார். அதுவும் நிமிர்ந்து நின்று சொல்கிறார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

முதலாளி கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ சொன்னார். எனக்கு பிஸ்கட் வாங்கிவரச் சொன்னார். என்ன வகுப்பு படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். நன்றாகப் படிக்க வேண்டும் என்றார். மாமா போய்விட்டார். அப்பா டீயைக் குடித்தார். முழுவதும் குடித்தார். நாற்றைப் பற்றி அதற்கப்புறம் அந்த அறையில் பேச்சே வரவில்லை.

மில்லுக்குப் பின்னால் தேங்கின தண்ணீரை எப்படியாவது விவசாயிகள் தலையில் கட்டு, உன் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று மாமாவிடம் சொன்னதே முதலாளிதான். மாமா இதை ரொம்பக் காலம் கழித்து அம்மாவிடம் சொன்னார். அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. மாமா கதவோரத்தில் நின்ற நிற்பிலேயே அவர் தெரிந்துகொண்டிருப்பார். அன்றைக்கு அங்கே இருந்த பெரியவர்கள் மூன்று பேருக்கும் விஷயம் தெரியும். விசாரணை என்று நினைத்துக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான்.

பிறகு வாய்க்காலைப் பற்றி யார் போய்க் கேட்டாலும் மில்லில் ஒரே பதில்தான். விவசாயிகளே வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள், எங்களைக் கேட்டால் எப்படி, ஒருத்தர் இங்கே வந்து தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். பரிசோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்த ஆபீசர்களிடமும் இதையே சொன்னார்கள். ஊரில் அப்பாவோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். பெரியம்மா கடைசி வரைக்கும் பேசவில்லை. அப்பா எங்கெங்கோ அலைந்து, யாரோ நட்டது போக மிஞ்சின முற்றின நாற்றை வாங்கிவந்து பாதி நிலத்தில் நட்டார். மறு வருஷம் நிலம் வேறு ஆளுக்குப் போயிற்று. அப்பா கூலி வேலைக்குப் போனார். மாமா மில்லிலேயே இருந்து ரிட்டயர் ஆனார். இரண்டு பேரும் நல்லது கெட்டதுக்குப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு மில்லை விட்டு வெளியே வந்ததும் அப்பா துண்டை ரோட்டோரத்தில் உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு நான் பின்னால் நடந்தேன். முதலாளி ரொம்ப நல்லவர் இல்லையாப்பா என்று கேட்டேன். ம் என்றார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நாற்றுக்கு என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"தம்பிக்கு வேல இருக்குதாங்க?"

"இருக்கு" என்றார் அப்பா.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அவளைப் பார்த்தேன். வேலை போயிருந்தால் அழலாம். இருக்கிறது என்கிறார், அதற்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.