பாசி பிடிக்காத டப்பா

என் கடையில் வாங்கிய டப்பாவுக்கு மூடி சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. டப்பாவுக்குள் வெளிச்சம் போகிறது என்று குறை சொன்ன ஒரே ஆள் ஜெகதீசன்தான். அதற்கு நான் என்ன செய்ய? உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்றுதானே ஜனங்கள் அந்த வெள்ளை டப்பாவைக் கேட்டு வாங்குகிறார்கள்.

பிளாஸ்டிக் சாமான் கடை, திருவொற்றியூர் தேரடிப் பக்கம். ஜெகதீசன் வீடு எர்ணாவூரில். கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். முதலில் ஹார்பரில், இப்போது காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில், இருபது வருஷமாக அதே வேலை. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சுஜா ஓசூரில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவுக்கு வந்தபோது, மூன்றாம் நாளே பேத்தி ஷாலுவுக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் காற்று அப்படி. காலையில் துடைத்த தரையில் மதியம் நடந்தால் பாதம் கறுத்துவிடும். இனிமேல் குழந்தையை அங்கே கூட்டி வரமாட்டேன் என்று சுஜா சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

இவர் ஒரு தடவை ஓசூருக்குப் போனார். அங்கே மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் சேர்ந்து வீடு நிறைய ஆட்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்ததாம், நாலாம் நாளே திரும்பிவிட்டார். அதன் பிறகு துணி கிளிப் வாங்க வந்தால்கூட அரை மணி நேரம் நின்று பேசுவார். கப்பல் கதை எத்தனைதான் கேட்பது? அவர் தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்ட நாட்களும் உண்டு. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன வருஷக் கடைசியில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து நாலு டப்பா வாங்கினார். வீட்டுக்குள்ளேயே ஒரு ரூமில், மண் இல்லாமல், உரம் கலந்த தண்ணீரில் கீரை வளர்க்கப் போகிறாராம். மூடியில் ஓட்டை போட்டு நாற்றைச் சொருகி, மேலே டியூப்லைட்டைத் தொங்கவிட்டார். தூசி வராமல் ஜன்னல் இடுக்கையெல்லாம் ரப்பர் ஒட்டி அடைத்தார். வீடியோ காலில் இதைப் பார்த்த ஷாலு, தானே வந்து கீரை பறிக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். சுஜா இரண்டு வாரம் யோசித்தாள். கடைசியில், அந்த ரூமை அடைத்தே வைப்பதாக இருந்தால் மே மாதம் பத்து நாள் வருகிறோம் என்றாள். அதை என்னிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாசி வந்தது. டப்பாவின் சுவர் வழியாக வெளிச்சம் இறங்கித் தண்ணீர் பச்சையாகிவிட்டது, வேர் எல்லாம் கொழகொழ. வெளிச்சத்தை மறைக்கப் பேப்பர் சுற்றினார், அது நனைந்து கிழிந்தது. வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பெயிண்டும் நிற்காது, நாலே நாளில் தோலாக உரிந்து வந்தது. கப்பலுக்கே அடிக்கிறவருக்கு ஒரு டப்பாவுக்கு அடிக்கத் தெரியவில்லையே என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை கறுப்பும் அதன் மேல் சூடு பிடிக்காமல் இருக்க வெள்ளையும் அடித்தார். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாவுக்குள் டார்ச்சைப் போட்டு மூடி, எங்கே ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் தொட்டு வைத்தார். அப்படியும் மூடி இடுக்கில் வெளிச்சம் கசிந்து பாசி திரும்ப வந்தது.

பிறகு ஒரு மாதம் ஆளைக் காணோம். ஏப்ரல் நடுவில் ஒரு மத்தியானம் முகமெல்லாம் சிரிப்பாக வந்து இன்னும் ஆறு டப்பா கேட்டார். பாசி சுத்தமாகப் போய்விட்டதாம், தண்ணீர் குடிக்கிற மாதிரி தெளிவாக இருக்கிறதாம். இலை கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது, உரம் பத்தவில்லை போல என்றார். எப்படிப் போனது என்று கேட்டேன். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க ஒரு செங்காவிப் பெயிண்ட் அடிப்பார்கள். தூக்கிப் போடுகிற டின்னின் அடியில் மிச்சம் இருந்ததை எடுத்து வந்து டப்பாவின் உள்பக்கம் பூசிவிட்டார். வெளிச்சமும் மறைந்தது, பாசியும் போனது.

எனக்கு என்னவோ போல் இருந்தது. "மாமு, அத்த அடிக்கும்போது மூஞ்சில இன்னா போட்டுக்குவீங்க?" என்றேன்.

"மாஸ்க்கு. கைக்கு கிளவுசு," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருபது வருஷம் முகத்தை மூடிக்கொண்டு அடித்த பெயிண்ட். பாசியையும் சிப்பியையும் கொல்வது அதில் இருக்கிற விஷம்தான் என்று தெரியாத ஆளும் இல்லை. பிளாஸ்டிக்கை எப்படி மறைப்பது என்பதிலேயே மூளை முழுவதும் போய்விட்டது. கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள், சுஜாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டு அங்கேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஒன்று விடாமல் மகளிடம் சொன்னார். குழந்தை வாயில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

சுஜா, ஷாலுவைக் கூட்டி வரமாட்டேன் என்றாள். சரிம்மா என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்டாள்: "நீ அத்த துன்னியாப்பா?"

"டேஸ்டு பாக்கலாம்னு. பதினெட்டு நாளா, டெய்லி ஒரு பிடி."

அவள் கத்தவில்லை. நாளைக்குக் காலை முதல் வண்டியில் தான் மட்டும் வருவதாகவும், நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும், அதுவரை அந்தக் கீரையை வாயில் வைக்காதே என்றும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஷாலு இனி எப்போதுமே வரமாட்டாள் என்று எனக்கே தோன்றியது. அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? ஆனாலும் போனைப் பையில் வைத்தவர் முகத்தில் அழுகை இல்லை. வயிற்று வலி, வாந்தி ஏதாவது இருக்கிறதா, இப்போதே கிளம்பலாமா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ஒண்ணுமே இல்ல பாய்," என்றார். "நாளிக்கி அவ வர்ற வரிக்கும் ஒண்ணும் இல்லன்றத மட்டும் அவகிட்ட சொல்லிடாத."