சிறகில் ஒட்டிய சோலார்

என் மனைவி கல்லூரியில் தேசிய மாணவர் படையில் கிளைடர் விமானம் ஓட்டக் கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதோடு சரி. கும்மிடிப்பூண்டியில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்த நான், ஒரு பறக்கும் கழகம் கழித்துப் போட்ட, ஒருவர் மட்டும் அமரும் சின்னக் கிளைடரை அவளுக்காக வாங்கி வந்தேன். அதற்கு எஞ்சின் கிடையாது. இழுத்துக் கிளப்ப எங்களிடம் வண்டியும் இல்லை. அதனால் பேட்டரியில் ஓடும் மோட்டாரைப் பொருத்தி, சிறகின் மேல் சோலார் தகடுகளையும் பதித்தேன்.

வற்றிய ஏரியில் அவள் ஓட்டிப் பார்த்த முதல் நாள், அது தரையை விட்டு எழவே இல்லை.

"சோலாரக் கழட்டிடலாம். வெயிட்டு தாங்கல," என்றேன்.

"சோலார் இன்னா பண்ணுச்சு? அதும் மேல கீற கண்ணாடிதான் வெயிட்டு. வெறும் சோலார் செல்லு வாங்கி ஒட்டு," என்றாள்.

அதற்கு ஒரு மாதம் பிடித்தது. கொஞ்சம் அழுத்தினாலே செல்கள் உடைந்தன. உடையாமல் ஒட்டியவள் அவள்தான். மோட்டாரை ஓட்டும் அளவுக்கு அவை கரண்ட் தரவில்லை. ஆனால் வெயிலில் நிறுத்தி வைத்தால், கரண்ட் கம்பமே இல்லாத அந்த ஏரியில் பேட்டரியில் சார்ஜ் மெல்ல ஏறியது.

மறுபடி அவள் ஏறி அமர்ந்தபோது, "பயமாக்கீதா?" என்று கேட்டேன்.

"ஒனக்குத்தான் பயம். தள்ளி நில்லு."

இந்த முறை சக்கரம் தரையை விட்டது. ஓர் ஆள் உயரத்தில் சிறிது தூரம் போய், குலுங்காமல் இறங்கினாள். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. மழைக்காலம் தொடங்குவதற்குள் ஏரியைப் பறந்தபடியே முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.